எந்த அம்பு முதலில்

பேருந்துக் கதவு தானாக மூடும்போது அது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது பல வருடங்களாக என் வேலை. ஒரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியின் மென்பொருள் பிரிவில் இருக்கிறேன். வீடு வாலாஜாபாத்தில். என்ன வேலை என்று கேட்கும் உறவினர்களிடம் "கதவு வேலை" என்று சொல்வேன். தச்சு வேலையா என்று சித்தப்பா ஒருவர் கேட்டார். விளக்க நேரமில்லாததால் ஆமாம் என்றேன்.

எங்கள் பிரிவில் நிரலைக் கையால் எழுதுவது குறைவு. படம் வரைவோம். கதவு இருக்கக்கூடிய ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பெட்டி: திறந்திருக்கிறது, மூடிக்கொண்டிருக்கிறது, மூடியாயிற்று. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு. அம்பின் மேல் ஒரு நிபந்தனை: ஏதாவது தடுத்தால் இந்த வழி, ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் அந்த வழி. இப்படி வரைந்து முடித்தால், வரைய உதவும் டூலே படத்தைப் படித்து நிரலை எழுதிவிடும். இந்தப் படத்தைத்தான் மாடல் என்கிறோம். எங்கள் கதவின் மாடலை அச்சடித்தால் ஒரு சுவர் நிறையும்.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் இருந்த ஒரு பேருந்துக் கம்பெனிதான் எங்கள் வாடிக்கையாளர். அதுவரை முடித்த பெட்டியை, அதாவது கதவை இயக்கும் மின்னணுப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு மாடலையும் தரச் சொன்னார்கள். தங்கள் பேருந்தின் மற்ற மாடல்களோடு சேர்த்து ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். நியாயமான ஆசைதான். அவர்களிடம் இருந்த டூல் வேறு, எங்களிடம் இருந்த டூல் வேறு. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

"ரெண்டு டூலும் ஒரே ஸ்டாண்டர்டை சப்போர்ட் பண்ணுது" என்றார் எங்கள் மேனேஜர். "இங்க எக்ஸ்போர்ட், அங்க இம்போர்ட். ஒரு மத்தியானம் போதும்."

நானும் அப்படித்தான் நம்பினேன். டூல் விற்பவர்களும் வண்டிக் கம்பெனிகளும் உட்கார்ந்து, மாடலை எந்த டூலிலிருந்தும் எந்த டூலுக்கும் கொண்டுபோவதற்காகவே ஒரு பொது வடிவத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு டூலின் விளம்பரத்திலும் அதன் பெயர் இருந்தது. அனுப்பினேன்.

முதலில் வந்த புகார் சிரிப்பை வரவழைத்தது. பெட்டிகள் எல்லாம் அங்கே திரையின் இடது மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தனவாம், துவைத்த துணியைக் கொடியில் போடாமல் கட்டிலில் கொட்டின மாதிரி. எங்கள் டூல்காரர்களைக் கேட்டேன். "பெட்டி எந்த இடத்துல இருக்குன்றது அந்த ஃபைல்ல போகாது மேம். அது வெறும் தோற்றம்தானே. அர்த்தம் முழுசா போயிருக்கும்" என்றார் உதவிப் பிரிவில் பேசியவர். வாடிக்கையாளர் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து பெட்டிகளைக் கையால் பிரித்து வைத்தார்கள். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்து ஒரு மெயில் வந்தது. உங்கள் மாடல் தவறு. கதவு கடைசியாக மூடும் இடத்தில் எதையாவது பிடித்தால் விடாமல் பூட்டிக்கொள்கிறது. உடனே விளக்கம் தேவை. எனக்கு, என் மேனேஜருக்கு, அவருடைய மேனேஜருக்கு, தரப் பிரிவுக்கு, இன்னும் எனக்கு முகம் தெரியாத பலருக்கு அது போயிருந்தது. எழுதியவர் அந்தப் பேருந்துக் கம்பெனியில் பணிபுரியும் ஒரு பெண் இன்ஜினியர்.

"இன்னாம்மா இது?" என்றார் மேனேஜர். "ஊருக்கே காப்பி போட்டு நம்மள நடுத்தெருவுல நிக்க வெச்சிட்டாங்க."

எங்கள் சோதனைக்கூடத்தில் ஓர் இரும்புச் சட்டத்தில் முழுப் பேருந்துக் கதவு ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறோம். டெக்னீஷியன் மணிக்கட்டுத் தடிமனுள்ள ரப்பர் குழாயை நடுவில் நீட்டினார். கதவு வந்து தொட்டது, உடனே திறந்துகொண்டது. மேலே, கீழே, நடுவே என்று எங்கு வைத்தாலும் அப்படியே.

"நம்ம கதவு தங்கம் மேடம்" என்றார் அவர். "அவங்களாண்டதான் ஏதோ கோளாறு கீது."

அதை வீடியோ எடுத்து, கொஞ்சம் காரமாகவே ஒரு பதில் எழுதினேன். மறுநாள் அந்தப் பெண்ணும், தங்கள் டூலில் ஏற்றிய மாடலை வைத்தே ஒரு சோதனைக் கதவை இயக்கி, ஒரு வீடியோ அனுப்பினார். அதே தடிமனில் ரப்பர் குழாய். கதவு வந்தது, தொட்டது, அழுத்தியது, பூட்டிக்கொண்டது. குழாய் நடுவில் நசுங்கி வளைந்திருந்தது. சத்தமே இல்லாத அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்த இடத்தில் குழாய்க்குப் பதில் வேறொன்றை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கோபம் இறங்கிவிட்டது.

ஆனாலும் மெயில்கள் ஓயவில்லை. எங்கள் மாடல் சரி என்று நான் எழுத, நீங்கள் தந்த மாடல் தவறு என்று அவர் எழுத, ஒவ்வொரு மெயிலிலும் படிப்பவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். கடைசியில் மேனேஜரே சொன்னார்: "நீயே நேர்ல போய்ட்டு வாம்மா. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து பேசித் தீருங்க."

அவர்கள் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி என் போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார். அழைத்துப்போக அந்தப் பெண்ணே வந்தார். என் வயதுதான். தோளில் லேப்டாப் பை, கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர்.

"நீங்கதானா?" என்றார். "உங்க மெயில படிச்சா அம்பது வயசு ஆளு நாற்காலில சாஞ்சிக்கிட்டு எழுதுத மாதிரில்லா இருக்கு."

தூத்துக்குடிப் பக்கம் சொந்த ஊர் என்று பேச்சிலேயே தெரிந்தது. "உங்க மெயில படிச்சா எனக்கு ஜுரமே வந்துச்சு" என்றேன். சிரித்தார். ஆனால் உட்கார்ந்ததும் சிரிப்பு போய்விட்டது; அவர் வேலையில் அப்படித்தான்.

இரண்டு லேப்டாப்பையும் ஒட்டி வைத்தோம். என்னுடையதில் எங்கள் டூல், அவருடையதில் அவர்கள் டூல். இரண்டிலும் ஒரே ஃபைல். கதவை ஒவ்வொரு அடியாக நகர்த்தினோம். திறந்திருக்கிறது, மூடிக்கொண்டிருக்கிறது, கடைசி விரற்கடை. அங்கே மோட்டார் திணறுவதாக ஒரு சமிக்ஞை கொடுத்தோம். என் திரையில் கதவு திறந்தது. அவர் திரையில் பூட்டிக்கொண்டது.

அந்த ஒரு கணத்தில் இரண்டு நிபந்தனைகளும் உண்மை. ஏதோ தடுக்கிறது என்பதும் உண்மை, கதவு மூடும் எல்லைக்கு வந்துவிட்டது என்பதும் உண்மை. ஒரே பெட்டியிலிருந்து இரண்டு அம்புகள். எது முதலில்?

"உங்க டூல் ஏன் தடை அம்ப முதல்ல எடுக்கு?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். பழகிய விஷயம் என்பதால் அதைச் சொல்லவே சிரமமாக இருந்தது. "எங்க டூல் கடிகாரம் மாதிரி. பெட்டிக்கு மேல பன்னெண்டு மணி இடத்துல ஆரம்பிச்சு வலது பக்கமா சுத்திக்கிட்டே வரும். எந்த அம்பு முதல்ல கண்ணுல படுதோ, அத முதல்ல கேக்கும். நாங்க ஆபத்தானத எல்லாம் ஒரு மணி இடத்துல வரைவோம். எல்லாருக்கும் பழக்கம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ அம்பு எங்கன இருக்குங்கது வெறும் அழகு இல்ல."

"இல்ல."

"ஃபைலு அதத்தானே தூக்கிப் போட்டிருக்கு?"

அவர்கள் டூலுக்குக் கடிகாரம் கிடையாது. ஃபைலில் எந்த அம்பு முன்னால் எழுதப்பட்டிருக்கிறதோ அதை முதலில் எடுக்கும். எங்கள் ஃபைலில் 'மூடியாயிற்று' அம்பு முன்னால் எழுதப்பட்டிருந்தது. அதற்குக் காரணம் ஒன்றுமில்லை. நான் அதை முதலில் வரைந்திருப்பேன், அவ்வளவுதான்.

"இதுல யார் மேல தப்புன்னு எழுத?" என்று கேட்டார்.

அன்று இருவரும் சேர்ந்து ஒரே மெயில் எழுதினோம். 'தவறு' என்ற சொல்லை அவர் நீக்கினார். 'சரி' என்ற சொல்லை நான் நீக்கினேன். அந்தப் பெட்டிக்குத் தீர்வு எளிது: 'மூடியாயிற்று' அம்பின் மேல் 'தடை எதுவும் இல்லையென்றால்' என்று சேர்த்தால் போதும், வரிசை எப்படி இருந்தாலும் கவலையில்லை. ஆனால் சுவர் நிறைய பெட்டிகள். ஒவ்வொன்றையும் இப்படிப் பார்த்து முடிக்கும்வரை நான் வாரத்தில் பாதி நாள் இருங்காட்டுக்கோட்டையில்தான் இருந்தேன்.

இரண்டு டூல்காரர்களுக்கும் போன் செய்தோம். "நாங்க ஸ்டாண்டர்டை முழுசா ஃபாலோ பண்றோம் மேம்" என்றார்கள் எங்களிடம். அவரிடமும் அதே வாக்கியம். அதுதான் என்னை வாட்டியது. இருவரும் சொன்னது உண்மை. ஸ்டாண்டர்டை இறக்கிப் படித்தேன். இரண்டு அம்பும் ஒரே நேரத்தில் உண்மையானால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அந்த ஸ்டாண்டர்டை எழுதும் குழுவில் எங்கள் கம்பெனியும் உறுப்பினர் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் எங்கள் பக்கமிருந்து கூட்டத்துக்கு யாரும் போவதில்லை. மேனேஜரிடம் சொன்னபோது, "அதான் இவ்ளோ பேசறியே, நீயே போய் உக்காரும்மா" என்றார்.

கூட்டங்கள் வீடியோவில், நம் ஊர் சாயங்கால வேளையில் நடக்கும். வீட்டு அறையைச் சாத்திக்கொண்டு உட்காருவேன். வெளியே குக்கர் விசில் அடித்தால் மைக்கை அணைப்பேன். அம்புகளின் வரிசையை ஃபைலில் கட்டாயம் எழுத வேண்டும் என்று நான் முன்வைத்தேன். ரப்பர் குழாயின் கதையைச் சொன்னேன். எதிர்ப்பவர்கள் யார், அவர்களுக்கு என்ன லாபம் என்று பார்க்கக் காத்திருந்தேன். உண்மையில், டூல் விற்பவர்கள் வாடிக்கையாளரைத் தங்களிடமே கட்டிவைக்கத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று முடிவே கட்டியிருந்தேன்.

அந்த ஆசை அவர்களில் சிலருக்கு இருந்திருக்கலாம். ஆனால் நான் கேட்டது வேறு. ஒரு டூல் கம்பெனிக்காரர், வரிசையைக் கட்டாயமாக்கினால் தங்கள் டூலில் வரைந்த பழைய படங்களைத் திறக்கும்போது அவை வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்றார். அந்தப் படங்களிலிருந்து பிறந்த நிரல் ஏற்கெனவே சாலையில் ஓடும் வண்டிகளில் இருக்கிறது. இன்னொரு கம்பெனியின் பெண்மணி, தங்கள் டூலில் இரண்டு அம்பு ஒரே நேரத்தில் உண்மையாக வழியே இல்லை, பிழை என்று நிறுத்திவிடும், பிறகு வரிசையை எங்கே வைப்பது என்று கேட்டார். ஒரு பேராசிரியர், இந்தப் பட மொழியை உருவாக்கியவர்களே அந்த வரிசையைத் தீர்மானிக்காமல் விட்டிருக்கிறார்கள், வரைபவர்தான் கவனமாக இருக்க வேண்டும் என்றார். அவர் என்னைத்தான் சொன்னார், சரியாகத்தான் சொன்னார். ஒவ்வொருவர் பேசி முடித்ததும் எனக்குத் தலையாட்டத் தோன்றியது.

பல கூட்டங்கள் போயின. கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். அம்புகளின் வரிசையை ஃபைலில் எழுதலாம். பெற்றுக்கொள்ளும் டூல் அதைப் பொருட்படுத்தாமலும் இருக்கலாம்.

அந்தப் பேருந்துக் கம்பெனிப் பெண்ணிடம் போனில் சொன்னேன். "ரெண்டு 'லாம்' போட்டுட்டாங்க."

"ரெண்டு லாம் போட்டா ஒண்ணுமே போடாத மாதிரில்லா" என்றார் என் தோழி. அதற்குள் தோழி ஆகியிருந்தார்.

அதற்குப் பின்பு கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நிறைய யோசித்தேன். எல்லோரும் ஒப்புக்கொண்டதைத்தான் ஸ்டாண்டர்டில் எழுத முடியும். பெட்டி என்றால் பெட்டி, அம்பு என்றால் அம்பு என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அதனால் அது எழுதப்பட்டது. சண்டை வரும் இடத்தில் 'லாம்' விழுந்தது. ஆனால் ஒரு டூலை நாங்கள் காசு கொடுத்து வாங்குவதே அது மற்ற டூல் செய்யாததைச் செய்கிறது என்பதற்காக. கடிகாரச் சுற்று எங்களுக்குப் பிடித்திருந்தது. அந்த வசதியின் மேல்தான் எங்கள் பழக்கமெல்லாம் படர்ந்திருந்தது. அன்றாடம் எதை அதிகம் நம்பினோமோ அதுதான் ஃபைலில் ஏற மறுத்தது.

அடுத்த கூட்டமொன்றில் தலைமை தாங்கியவர் கேட்டார்: உங்கள் டூல்களை எந்த மாடலை வைத்துச் சோதித்தீர்கள்? எல்லோரும் ஒரே மாடலைச் சொன்னார்கள். ஒரு போக்குவரத்து சிக்னல். சிவப்பு, மஞ்சள், பச்சை. அதில் எல்லா டூலும் தேறிவிடும். நிஜமான மாடல் ஒன்றை எந்தக் கம்பெனியாவது தர முடியுமா என்று கேட்டார். திரையில் வரிசையாக மைக்குகள் அணைந்தன. நானும் அணைத்தேன்.

மறுநாள் மேனேஜரிடம் கேட்டுப் பார்த்தேன். "கஸ்டமர் மாடலை வெளிய குடுக்கறதா? வேல போய்டும்மா. உனக்கும் எனக்கும் சேர்த்து." அவர் பயந்ததில் தவறில்லை. தோழிக்கும் அவர் பக்கத்தில் அதே பதில்தான் கிடைத்தது.

"அப்போ நாமளே ஒரு கதவு வரைவோம்" என்றார் தோழி. "உங்க கம்பெனிக் கதவும் வேண்டாம், எங்க கம்பெனிக் கதவும் வேண்டாம். எந்த பஸ்ஸுலயும் இல்லாத ஒரு கதவு."

இரண்டு பக்க மேனேஜர்களிடமும் சொந்த நேரத்தில், சொந்தமாக வரைகிறோம் என்று எழுதி அனுமதி வாங்கினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே மாடியில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட போர்ஷன்களில் ஒன்று. கணவர் ஷிப்ட் முடிந்து வந்து உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்ததால் இருவரும் கிசுகிசுப்பாகத்தான் பேசினோம். மதியம் மீன் குழம்பு. "இந்த ஊரு மீனுக்கு ருசியே கிடையாது, சும்மா சாப்பிட்டு வையுங்க" என்றார். எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கதவில் எங்களைப் படுத்திய எல்லாவற்றையும் வைத்தோம். ஒரே நேரத்தில் உண்மையாகும் இரண்டு அம்பு. பெட்டிக்குள் பெட்டி. மதிப்பே எழுதாமல் விட்ட ஓர் இடம். சில டூல் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், சில டூல் எடுக்காது. தோழி ஒரு அம்பின் மேல் 'கை இருக்குது, பாத்து' என்று தமிழில் குறிப்பு எழுதினார்.

"இது எதுக்கு?"

"போய்ச் சேருதான்னு பாப்போம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம்.

படத்தைவிட முக்கியமான ஒன்றையும் கூடவே எழுதினோம். இந்தச் சமிக்ஞை கொடுத்தால் கதவு இதைச் செய்ய வேண்டும், அந்தச் சமிக்ஞை கொடுத்தால் அதைச் செய்ய வேண்டும் என்று ஒரு பட்டியல். படம் எப்படி வேண்டுமானாலும் வந்து சேரட்டும். கதவு நடந்துகொள்வது மாறக்கூடாது. குழுவுக்கு அனுப்பினோம்.

எந்த டூலும் முழுதாகத் தேறவில்லை. ஒன்று வரிசையில் விழுந்தது, ஒன்று வெற்று மதிப்பில், ஒன்றில் தமிழ்க் குறிப்பு முழுவதும் கேள்விக்குறிகளாக வந்திருந்தது. அந்தக் கூட்டத்தில் நான் முதன்முதலாக ஒரு மாற்றத்தைக் கண்டேன். யாரும் ஸ்டாண்டர்டின் பத்தி எண்ணைச் சொல்லிப் பேசவில்லை. பழைய படங்களைப் பற்றிக் கவலைப்பட்ட அந்த டூல்காரர் அதுவரை கேமராவைப் போட்டதே இல்லை. அன்று போட்டார். நரைத்த தாடி, பின்னால் ஒரு சமையலறை. "இந்த வெற்று மதிப்பை எப்படி வரைந்தீர்கள், காட்ட முடியுமா?" என்று கேட்டார். திரையைப் பகிர்ந்து காட்டினேன்.

முடிவுகளை வெளியிடுவதா என்ற பேச்சு வந்தபோது மறுபடி இறுக்கம். எந்த டூல் எங்கே விழுந்தது என்பது உறுப்பினர்களுக்குள் மட்டும் இருக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். எனக்கு வருத்தம்தான். டூல் வாங்கப்போகிறவருக்குத்தானே அது தெரிய வேண்டும்? ஆனால் எங்கள் கதவை ஸ்டாண்டர்டோடு மாதிரியாக இணைத்தார்கள். எங்கள் டூல்காரர்கள் அடுத்த பதிப்பில், வெளியிலிருந்து மாடலை ஏற்றும்போது ஓர் எச்சரிக்கை வரும்படி செய்தார்கள்: அம்புகளின் வரிசை மாறியிருக்கக்கூடும், சரிபார்க்கவும்.

கொஞ்ச காலத்தில் தோழி புனேயில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நானும் அவரும் மட்டும் வைத்திருந்த சில ஏற்பாடுகள் இருந்தன: இன்னின்ன வசதிகளை இருவருமே தொடமாட்டோம், அனுப்புமுன் போன் செய்வோம் என்று. அவர் இடத்துக்கு வந்தவருக்கு அது எதுவும் தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. எங்கும் எழுதாத ஒப்பந்தம் அது. புதிய மாடலில் அவர் எல்லா வசதிகளையும் தாராளமாகப் பயன்படுத்தினார்.

அந்த மாடலை இந்த முறை நாங்கள் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. என்னோடு வேலை செய்யும் சக இன்ஜினியர் ஏற்றினார். நான் பக்கத்தில் நின்றேன். எச்சரிக்கை எழுந்தது. அவர் படிக்காமலே ஓகே-வை அழுத்தினார்.

"இன்னா வந்துச்சு அதுல?" என்று கேட்டேன்.

"அது எப்பவும் வரும் மேடம்."

மறுபடி ஏற்றச் சொன்னேன். இந்த முறை படித்தார். "எந்த அம்புன்னு சொல்லவே இல்லையே" என்றார். உண்மைதான், சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்றிலிருந்து இருவரும் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, எந்த இரண்டு அம்பு ஒரே நேரத்தில் உண்மையாக முடியும் என்று பார்க்க ஆரம்பித்தோம்.

வார இறுதியில் தோழியை அழைத்துச் சொன்னேன்.

"நானா இருந்தாலும் படிக்காமத்தான் அமுக்கிருப்பேன்" என்றார் அவர். பின்னால் யாரோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். "எதும் கெடச்சுதா?"

"ரெண்டு எடத்துல மாறியிருந்துச்சு. ஒண்ணு ஒண்ணும் பண்ணாது."

"இன்னொண்ணு?"

"இன்னொண்ணு பண்ணியிருக்கும்" என்றேன்.